நான் வாசிக்காமல் விட்ட இரண்டு வரி

தம்பி, நீ நல்லா இருக்கணும். நாங்க இங்க இருக்கோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், மத்தபடி ஒண்ணுமில்ல. போன் இருக்கறப்ப இந்த மனுசன் எதுக்குக் கடுதாசி எழுதறார்னு நினைப்பே. ரெண்டு தடவை போன் போட்டேன். ரெண்டு தடவையும் நீ எடுத்த எடுப்புல "சாப்பிட்டீங்களாப்பா"ன்னு கேட்டே. அதுக்கு மேல எனக்கு வாய் வரல, சாப்பிட்டேன்னு சொல்லி வச்சுட்டேன். அதான் எழுதறேன். நன்னிலம் போய் கூரியர்ல போட்டுடுவேன், வியாழக்கிழமை விசாரணைக்கு நீ சென்னையிலேருந்து பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கைக்குக் கிடைச்சுடும். ஆபீஸ்ல நின்னுக்கிட்டே படிக்காதே. ரூமுக்குப் போய் உட்காந்து படி.

போன ஞாயித்துக்கிழமை நம்ம காலனி சமுதாயக்கூடத்துல நீ பேசினப்ப நான் கடைசி வரிசையில டீ கிளாஸோட உட்காந்திருந்தேன். நல்லாத்தான் பேசினே. கோரைக்காட்டுப் பள்ளத்துல இருக்குற நம்ம குடிசையெல்லாம் இடிச்சுட்டு அதே பள்ளத்துல சர்க்கார் கான்கிரீட் வீடு கட்டப்போகுது, ஒரு தடவை கான்கிரீட் போட்டுட்டா நாம சாகுற வரைக்கும் இந்தத் தண்ணியிலதான், நம்ம பழைய எடம் திடல், மேடு, அங்கதான் மனை கேட்கணும்னு சொன்னே. சரிதான். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்துல வாங்கின நகலைத் தூக்கிக் காட்டினே. "முப்பத்தெட்டு குடும்பமும் விரும்பித்தான் திடலை விட்டுப் போனோம்னு எழுதிக் கொடுத்த மாதிரி ஒரு கடிதம் வச்சிருக்காங்க. இது போலி. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்க பேர்ல எவனோ உட்காந்து எழுதியிருக்கான். அவன் செத்திருந்தாலும் சரி, உயிரோட இருந்தாலும் சரி, அவன் பேரை நடுத்தெருவுக்கு இழுக்காம விடமாட்டேன்"னு சொன்னே. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். எல்லாரும் தட்டுறப்ப நான் மட்டும் என்ன செய்யறது.

அது போலி இல்ல தம்பி. நான் எழுதினது. உனக்குக் கொடுத்தது ரெண்டு தாள்தான். மூணாவது தாள்ல முப்பத்தெட்டு கைநாட்டு இருக்கு. அதுக்குக் கீழ "எழுதி, வாசித்துக் காட்டியவர்"னு போட்டு என் கையெழுத்து இருக்கு. வியாழக்கிழமை கோட்டாட்சியர் அந்தக் கோப்பைப் பிரிப்பார். நீ போலின்னு சத்தியம் பண்ணி நிக்குறப்ப, உன் அப்பன் பேரை அந்த ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் சத்தமா வாசிப்பாங்க. சந்தேகமா இருந்தா இந்தக் கடுதாசியையும் உன் கையில இருக்குற நகலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. இப்ப எழுத்து கொஞ்சம் கோணுது, ஆனா ழகரத்தோட சுழி மாறல. நீ என் கையெழுத்தை ரேஷன் கார்டுலயும் உன் மார்க் ஷீட்லயும்தான் பார்த்திருப்பே, நான் பத்தி பத்தியா எழுதி நீ பார்த்ததில்ல. அந்தக் கடிதத்துக்கு அப்புறம் நான் யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுத்ததில்ல. பேத்திக்குப் பிறப்புச் சான்று வேணும்னு பக்கத்து வீட்டுல வந்து கேட்டப்பக்கூட கண்ணு தெரியலைன்னு தட்டிக் கழிச்சேன். எழுதத் தெரிஞ்ச ஆளு எதுக்கு இப்படிச் செய்யறார்னு உன் அம்மாவே சண்டை போட்டிருக்கா.

நீ திடலைப் பார்த்ததெல்லாம் தேக்கு வச்ச தோப்பாத்தான். நான் பொறந்தது அங்க. சுத்தி நாலு பக்கமும் வயலு, நடுவுல ஆள் உயரத்துக்கு மேடு, அதுல நம்ம முப்பத்தெட்டு வீடு. மனை மிராசு வீட்டோடது, நாம பண்ணையில வேலை பார்க்கறதால இருந்துக்கலாம், அவ்வளவுதான். அதுலயும் சொர்க்கம் ஒண்ணும் கொட்டிக் கிடக்கல, அதை நினைச்சு உருகாதே. எத்தனை வெள்ளம் வந்தாலும் தண்ணி வீட்டுக்குள்ள வராது, அந்த ஒண்ணுதான் அதோட அருமை. வாய்க்கால் தண்ணி மேற்கேயிருந்து வரும். முதல்ல ஊர்த்தெரு படித்துறை, அப்புறம் வயலு, கடைசியா நாம. அவங்க குளிச்சுவிட்ட தண்ணியில நாம குளிச்சோம். இந்தப் பக்கம் எந்த ஊரை வேணாலும் பாரு, சேரி தண்ணிக்குக் கடைசியிலதான் இருக்கும். யாரும் சட்டம் போட்டு வைக்கல. ஆனா ஒரு ஊர்லயாவது மாறியிருக்கான்னு சொல்லு பார்ப்போம்.

நம்ம ஊர்ல மாறிச்சு. ஒரு ஐப்பசி வெள்ளத்துல கரை உடைஞ்சு வாய்க்கால் பாழாப் போச்சு. அடுத்த கோடையில சர்க்கார்லேருந்து வந்து, பழைய தடத்தை விட்டு வடக்கே தள்ளிப் புதுசா வெட்டினாங்க. அப்படி வெட்டினா திரும்ப உடையாதுன்னு எஞ்சினியருக்குக் கணக்கு. எது சேரி எது ஊருன்னு அவர் பார்க்கல. ஆனியில தண்ணி விட்டப்பதான் தெரிஞ்சுது, புது வாய்க்கால் முதல்ல நம்ம திடலைத் தொட்டுட்டு அப்புறம்தான் ஊர்த்தெருவுக்குத் திரும்புது. நம்ம பொம்பளைங்க எப்பவும் போல இறங்கித் துணி துவைச்சாங்க. மூணாம் நாள் மிராசு வீட்டு ஆளு வந்து, இனிமே யாரும் வாய்க்கால்ல கால் வைக்கக்கூடாது, குட்டையில குளிச்சுக்குங்கன்னு சொல்லிட்டுப் போனான். எருமை இறங்குச்சு, அதை ஒண்ணும் சொல்லல. பத்து நாள்ல நாத்து நடவுக்கு நம்ம ஆளுங்களைக் கூப்பிடறதை நிறுத்தினாங்க, வெளியூர்லேருந்து ஆள் இறக்கினாங்க. வாய்க்காலைத் திரும்பப் பழைய தடத்துக்கே வெட்டிவிட்டிருந்தா முடிஞ்சு போயிருக்கும். ஆனா தண்ணியைத் திருப்புறதை விட ஜனங்களைத் திருப்புறது அவங்களுக்குச் சுலபமா இருந்துச்சு.

அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. திடல்லேயே எஸ்.எஸ்.எல்.சி. தேறின ஒரே ஆளு நான். அந்தத் திமிரு எனக்கு உண்டு, இல்லைன்னு சொல்லமாட்டேன். மிராசுதார் என்னை மட்டும் வரச் சொன்னார். வழக்கமா நாம கொல்லைப்பக்கம் போய்த்தான் நிக்கணும். அன்னிக்கு வாசல் வழியா, பண்ணைக் கணக்கு பார்க்குற கச்சேரி அறைக்கு வரச் சொன்னாங்க. கணக்குப்பிள்ளை தாள், பேனா எல்லாம் எடுத்து வச்சிருந்தார். மிராசுதார் பெஞ்சைக் காட்டி, "நின்னுக்கிட்டு எப்படி எழுதுவே? உட்காருப்பா"ன்னார். தம்பி, என் அப்பா அறுபது வருஷம் அந்த வீட்டுக்கு உழைச்சவர், அந்த வீட்டுல ஒரு நாள் உட்காந்ததில்ல. நான் உட்காந்தேன். அந்தப் பெஞ்சுல உட்காந்த உடனே எனக்குப் பாதி புத்தி போயிடுச்சு. உனக்கு நான் புத்தி சொல்ற அளவுக்கு யோக்கியன் இல்ல, ஆனாலும் இதைச் சொல்றேன். உன்னை அடிக்க வர்றவன்கிட்ட நீ ஜாக்கிரதையாத்தான் இருப்பே, அது ரத்தத்துலேயே இருக்கு. மரியாதையா உட்காரச் சொல்றவன்கிட்டதான் ஜாக்கிரதையா இரு.

கணக்குப்பிள்ளை சொல்லச் சொல்ல எழுதினேன். திடல் அடிக்கடி வெள்ளத்தால பாதிக்கப்படுதுன்னு முதல் வரி. அதுவே பொய். மேட்டுல இருந்தவங்க வெள்ளத்துக்குப் பயந்து பள்ளத்துல எடம் கேட்டாங்கன்னு எழுதியிருக்கேன், படிக்கிறவன் யாரும் இத்தனை வருஷமா சிரிக்கலையேன்னு நினைச்சுக்குவேன். கடைசிப் பத்தியில அந்த ரெண்டு வரி வந்துச்சு. "இந்த இடப்பெயர்ச்சி நிரந்தரமானது என்றும், மேற்படி திடலில் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ இனி எவ்வித உரிமையும் கிடையாது என்றும் முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறோம்." எழுதறப்ப பேனா நின்னுச்சு. கணக்குப்பிள்ளை பார்த்துட்டார். "அது சட்டத்துக்காக எழுதறதுப்பா, அந்த ஜனங்களுக்குப் புரியாது. வாசிக்கறப்ப அதை விட்டுடு"ன்னார். மிராசுதார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே, பாசனத்துல லஸ்கர் வேலை ஒண்ணு காலியா இருக்கு, மதகு திறந்து மூடுற வேலை, மாசச் சம்பளம், சொல்லிவிட்டா ஆகும்னார். குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம்னு சட்டம் வந்த புதுசு அது. நாம திடல்ல இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா திடல் நம்மளுது. அது எனக்குத் தெரியும். பேப்பர் படிக்கிற ஆளு, தெரியாம இருக்குமா? தெரிஞ்சுதான் எழுதினேன். வயசு, வறுமை, பயம்னு எல்லாம் சொல்லிப் பார்த்தேன் எனக்கு நானே. அதெல்லாம் இருந்துச்சு, ஆனா வேலை வேணும்னு ஆசையும் இருந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் திடல்ல எல்லாரையும் கூட்டி வச்சு வாசிச்சேன். நல்ல குரலு எனக்கு. கடைசிப் பத்திக்கு வந்தப்ப அந்த ரெண்டு வரியை விட்டுட்டேன். யாரோ ஒருத்தர், "திரும்பி எப்பப்பா வர்றது?"ன்னு கேட்டாங்க. நான் தாளைப் பார்த்துக்கிட்டே, அதுல எழுதியிருக்குற மாதிரியே, "வாய்க்கால் திருத்துற வேலை முடிகிற வரைக்கும் தற்காலிகமாக"ன்னு வாசிச்சேன். அப்படி ஒரு வரியே அதுல இல்ல. கணக்குப்பிள்ளை ரெண்டு வரியை விடத்தான் சொன்னார். இது நானா சேர்த்தது. ஒவ்வொருத்தரா வந்து கட்டைவிரலை மையில தொட்டு வச்சாங்க. நம்ம பையன் வாசிச்சான், சரியாத்தான் இருக்கும்னு வச்சாங்க. அந்த வாரமே கூரையைப் பிரிச்சு, கழியையும் கீத்தையும் தலையில சுமந்துக்கிட்டு வயல் வரப்பு வழியா கோரைக்காட்டுக்கு இறங்கினோம். அடுத்த மாசம் எனக்கு லஸ்கர் வேலை வந்துச்சு.

நீ மயிலாடுதுறையில ஹாஸ்டல்ல இருந்து படிச்சது, உன் அக்கா கல்யாணம், நாம சாப்பிட்ட சோறு, எல்லாம் அந்த வேலை. இதை உன்னைக் குத்திக் காட்டச் சொல்லல. உனக்குத் தெரியணும், அவ்வளவுதான். ஒவ்வொரு கார்த்திகையிலயும் முழங்கால் தண்ணியில அரிசி டின்னைத் தலையில வச்சுக்கிட்டு, ஒதுங்கறதுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நடக்குறப்ப உன் அம்மா ஒரே வசவுதான் வைவா. "எந்தப் படுபாவி இந்தப் பள்ளத்தைக் காட்டினானோ, அவன் குடும்பம் விளங்குமா?" நான் உன்னைத் தோள்ல வச்சுக்கிட்டு அவளுக்குப் பின்னாடி வருவேன். ஒரு வருஷம் ஊர் வயல்ல சம்பா முழுகுதுன்னு வடிகால் மதகைத் திறக்கச் சொல்லி உத்தரவு. திறந்தா தண்ணி எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? என் கையாலயே சுத்தித் திறந்துட்டு, வேகமா நடந்து வந்தேன், தண்ணி எனக்கு முன்னாடி வந்து சேர்ந்துடுச்சு. நம்ம ஜனங்க என்னை ஒரு வார்த்தை சொல்லல. அவன் என்ன பண்ணுவான், உத்தியோகம் அப்படின்னு அவங்களே எனக்காகப் பேசினாங்க. திட்டியிருந்தா அன்னிக்கே எல்லாத்தையும் கக்கியிருப்பேனோ என்னமோ. நாலு பேரு திட்டாம இருக்கறது எவ்வளவு பெரிய தண்டனைன்னு உனக்குச் சொன்னாப் புரியாது, புரிய வேண்டிய நிலைமையும் உனக்கு வர வேண்டாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உன் மனுவுல "போலி ஆவணம்"னு இருக்குற வரியை அடிச்சுடு. கைநாட்டெல்லாம் நிஜம். முப்பத்தெட்டும் நிஜம். போலின்னு போனா ஒரு மணி நேரத்துல தள்ளிடுவாங்க, அதோட கான்கிரீட்டும் போட்டுடுவாங்க. அதுக்குப் பதிலா, வாசித்துக் காட்டியது வேறு, எழுதியது வேறுன்னு எழுது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க கைநாட்டு வச்சா, உள்ளது உள்ளபடி வாசிச்சுக் காட்டணும்ங்கறது எந்த ஆபீஸ்லயும் உண்டு. அதுக்காகத்தான் கீழ என் பேரையே போட வச்சாங்க. வாசிச்சவனே வந்து நான் பொய்யா வாசிச்சேன்னு சொன்னா அந்தத் தாளுக்கு என்ன மதிப்புன்னு உன் வக்கீலைக் கேளு. ஜெயிக்குமான்னு எனக்குத் தெரியல. என் பென்ஷனுக்கு ஏதாவது ஆகுமான்னும் தெரியல. அதைப் பத்தி உங்கிட்ட நான் யோசனை கேட்கல.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதே. ஞாயித்துக்கிழமை உன் மனுவுல அறுபது பேருகிட்ட கையெழுத்து வாங்கினே. நாலு பக்கம் இருந்துச்சு. நீ சுருக்கமாச் சொல்றேன்னு சொல்லி அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டே. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு உனக்கு அவசரம். அவங்களும், நம்ம புள்ள படிச்சவன், சரியாத்தான் இருக்கும்னு போட்டாங்க. நீ என்னை மாதிரி எதையும் மறைக்கல, அது எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அங்க உட்காந்திருக்க முடியல, எழுந்து வெளிய போயிட்டேன். அந்த வரியை அடிச்சுத் திருத்தி எழுதின மனுவை எடுத்துக்கிட்டு புதன்கிழமையே வா. ஒரு வரி விடாம வாசி. யாராவது கேள்வி கேட்டா நிறுத்திப் பதில் சொல்லு. பாதி பேரு போட மாட்டேன்னு எழுந்து போனாலும் போகட்டும். நீ படிச்சதுக்கு அதுதான் உபயோகம், வேற எதுவும் எனக்குத் தோணல.

உன் அம்மாகிட்ட நேத்து மத்தியானம் சொன்னேன். முழுசாக் கேட்டா. சோறு போட்டு வச்சுட்டுப் பின்பக்கம் போயிட்டா. நாப்பது வருஷமா நான் சாப்பிடறப்ப அவ பக்கத்துல உட்காராம இருந்ததில்ல. இன்னிக்குக் காலையிலயும் அப்படித்தான். நீ போன் பண்ணினா அவளைச் சமாதானப்படுத்தாதே, அவ இஷ்டம்.

அன்னிக்குக் கைநாட்டு வச்ச வீட்டுப் பெரியவங்கள்ல இப்ப உயிரோட இருக்கறது செல்லம்மா சித்தி ஒருத்திதான். கடைசி வீட்டுச் சித்தி, உனக்குச் சின்னதுல கெழுத்தி மீன் குழம்பு கொண்டாந்து தருவாளே, அவ. நேத்துச் சாயங்காலம் அவ வீட்டுக்குப் போனேன். மூணு தாளுக்கும் அன்னிக்கே ஒரு கார்பன் பிரதி எடுத்து வச்சிருந்தேன், எதுக்கு வச்சேன்னு கேட்காதே, எனக்கே தெரியல. அதை அவ முன்னாடி உட்காந்து முதல்லேருந்து வாசிச்சேன். அந்த ரெண்டு வரியையும் வாசிச்சேன். நிரந்தரம், வாரிசுக்கும் உரிமையில்ல, எல்லாம். தற்காலிகம்ங்கறது நான் கட்டினதுன்னும் சொன்னேன். சித்திக்குக் காது நல்லாக் கேட்கும். ரொம்ப நேரம் முந்தானையை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டிருந்தா.

அப்புறம் கேட்டா, "உன் சித்தப்பா சாகுற வரைக்கும் வருஷா வருஷம் தை பொறந்ததும் உங்கிட்டதானே வந்து கேட்டாரு, வாய்க்கா வேலை முடிஞ்சுதாப்பா, நாம எப்ப மேல போறதுன்னு? நீதானே வாய்க்காலப் பார்க்கறவன். இன்னும் முடியல சித்தப்பான்னு நீயும் வருஷா வருஷம் சொன்னே. அந்த மனுசன் இங்க ஒரு செங்கல்லு வாங்கி வைக்கல. போகப்போற எடத்துல எதுக்குடி சொவருன்னு கீத்துலயே இருந்து செத்தாரு. அதையும் அங்க வந்து சொல்லுவியா?"

சொல்றேன் சித்தின்னு சொல்லிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு நான் அந்த ஆபீஸ் வாசல்ல இருப்பேன். நீ என் பக்கத்துல வந்து நிக்க வேண்டாம். இவர் யாருன்னு கோட்டாட்சியர் கேட்டா, எங்க அப்பான்னு சொல்லணும்னு இல்ல. வாசிச்சவர்னு மட்டும் சொல்லு.